எழுதி அனுப்பிய சமாதானம்

அக்கா,

இன்று சிம்பாங் அம்பாட் சந்திப்பில் உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று என் காருக்கு முன்னால் நின்றது. ரப்பர் நாற்றம் கார் முழுக்க நிறைந்தது. பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் இறக்கியிருப்பாய். "அப்பா வேல முடிஞ்சி வர்ற வாசனைடி" என்பாய். எனக்கோ பெம்பானில் அப்பா வாங்கிப் போட்ட ரப்பர் நிலம் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டு இலைக்குப் பக்கத்திலேயே உன் தம்பி, அதாவது என் அண்ணன், ஒரு தாளை நீட்டினார். நிலமும் வீடும் அவருக்கே என்று நாம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "கல்யாணத்துல நகை போட்டாச்சி, சீர் செஞ்சாச்சி. இன்னும் என்னா வேணும்?" உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். நம் குடும்பங்களில் பெண்களின் பங்கு இப்படித்தான் சோற்றுக்கும் பாயசத்துக்கும் நடுவே காணாமல் போகிறது. நீ நிதானமாக ரசத்தைக் குடித்துவிட்டு, "எச்சில் கையால கையெழுத்துப் போட மாட்டேன்" என்று எழுந்தாய். கழுவிய பிறகும் போடவில்லை.

வழக்குப் போட்டோம். லாயர் அம்மா ஒரு வழி சொன்னார். கோர்ட் முறைப்படி நாமே ஒரு சமாதான யோசனையை எழுத்தில் அனுப்பலாம். அண்ணன் அதை மறுத்து, தீர்ப்பும் அதற்குக் குறையாமல் நமக்கு வந்தால், அன்றிலிருந்து ஆகும் நம் வழக்குச் செலவு பெரும்பாலும் அவர் தலையில் விழும். வீடு தம்பிக்கு, நிலம் மூன்று பங்கு என்று எழுதச் சொன்னாய். வீட்டை எதற்கு விட வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன்.

"பயந்து விடலடி. ஒத்துக்கிட்டா நிம்மதி. வேணாம்னா செலவு அவனோடது. அவனே முடிவு பண்ணட்டும்."

அண்ணன் கோயிலில் வைத்துச் சிரித்தார். "பயந்துட்டாளுங்க லா!" பிறகு கோயில் பெரியவர்கள் முன்னால், நமக்குக் கொஞ்சம் பணம் தருவதாக வாயால் சொன்னார். நாலு பேர் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்துவிட்டார். நம் ஆட்களுக்கெல்லாம் உள்ள நினைப்புதான் அது.

தீர்ப்பு வந்தபோது நீ இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டையும் சேர்த்து மூன்று சம பங்கு. உன் பங்கு உன் மகளுக்கு. செலவைப் பற்றிப் பேச்சு வந்ததும், நாம் அனுப்பிய யோசனையை லாயர் அம்மா நீதிபதி முன் வைத்தார். "நானும்தான் சமாதானம் பேசுனேன்" என்று அண்ணன் முணுமுணுத்தார். "எழுத்துல எங்க?" என்று கேட்டது அவருடைய லாயரேதான். செலவு அவர் தலையில் விழுந்தது.

போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"அக்காவே போயிடுச்சி. அந்தச் செலவுப் பணத்த விட்டுடு லா. அக்காவ நெனச்சிப் பாரு."

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிய நீ, இபிஎஃப் சேமிப்பை எடுத்துத்தான் லாயருக்குக் கட்டினாய். அது உன் மகளுக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம். அதை விட்டுக்கொடுக்க நான் யார்?

"அக்காவ நெனச்சிதாண்ணே விடல" என்றேன். "வேற யோசனை இருந்தா லாயர் மூலமா எழுதி அனுப்புங்க."

முறைத்துவிட்டுப் போனார். பெரிய மனசு இல்லாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். உன் பிடிவாதம் முழுசாக எனக்கு வந்திருக்கிறது அக்கா. அதை மட்டும் யாருக்கும் கூறு போட்டுத் தர மாட்டேன்.