அதே சிகிச்சை தொடரவும்

மார்ச் 4, செவ்வாய்

நாற்பது கட்டில்கள், நாற்பத்தாறு நோயாளிகள். கூட இருக்க வேண்டிய இன்னொரு டாக்டர் விடுப்பில். ரவுண்ட்ஸ் முடியும்போது மணி பன்னிரண்டு. பதினேழாம் கட்டில் தையற்காரர் இன்றும் வம்புக்கு இழுத்தார். "டாக்டரம்மா, உங்க கோட்டுப் பாக்கெட் கிழிஞ்சு தொங்குது. பாக்கறவங்க என்னைத்தான் திட்டுவாங்க." சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். கிருமிக்கு வலுவான ஊசி போகிறது. "அதே சிகிச்சை தொடரவும்" என்று அவர் தாளிலும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மார்ச் 5

நாற்பத்தெட்டு பேர். தலைவலி.

மார்ச் 6, வியாழன்

சிஸ்டர் ஓடி வந்தார். "டாக்டர், பதினேழுக்கு நேத்துலேர்ந்து யூரினே சரியாப் போகல. முகமெல்லாம் வீங்கிடுச்சு."

தாள்களைப் புரட்டினேன். திங்கட்கிழமை வந்த ரத்த ரிப்போர்ட்டைப் பின்பக்கம் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஊசியால் சிறுநீரகம் கெடத் தொடங்கியது அதிலேயே தெரிகிறது. அன்றே அதை நிறுத்தியிருக்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் — மூன்று நாளும் தொடரச் சொல்லி என் கையெழுத்து. அடிப்பாவி, ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஊசியை நிறுத்தினேன். டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள்.

மார்ச் 7

பெரிய டாக்டரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "சர்க்கரை நோயாளிக்கு வர்றதுதான். வீட்டாள்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. வாயை விட்டு மாட்டிக்காதீங்க." கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வராந்தாவில் தையற்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வேணாம்னு சொல்லியும் வீட்டுச் சாப்பாடு குடுத்துட்டேன் டாக்டரம்மா. கெஞ்சினாரு, மனசு கேக்கல. அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?"

"இல்லம்மா" என்றேன். கையை விடுவித்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 8

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலை ஒன்பதே காலுக்கு இறந்துவிட்டார்.

அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கையாலயே சோறு போட்டுக் கொன்னுட்டேனே!" பெரிய டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க இல்லம்மா. நான். ரிப்போர்ட் வந்துச்சு, பாக்கல. நிறுத்த வேண்டிய ஊசியை மூணு நாள் போட வெச்சேன்."

அழுகை நின்றது. என் கையை உதறிவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 14, வெள்ளி

அந்த அம்மா வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"புகார் குடுக்கணும். எனக்கு எழுதத் தெரியாது. வேற யாரு எழுதினாலும் கூட்டிக் குறைச்சுடுவாங்க. நீங்களே எழுதுங்க."

எழுதினேன். தேதிகள், ஊசியின் பெயர், என் பெயர். முழுக்க வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்களே, அது வேணாம். பாக்கலன்னு போடுங்க."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். கைநாட்டு வைத்தார்.