அவள் கையை நான் கொடுக்க மாட்டேன்

என் கணவருக்கு,

பிள்ளைகள் சுகம். வாய்க்கால் உடைந்து கோதுமையில் பாதி அழுகிவிட்டது. மீதியை நானே அறுத்தேன்.

இங்கிலாந்தில் ஊழியம் செய்யப் போன நீங்கள் அங்கிருந்து அனுப்பிய பெண், டாம்சின், கப்பலில் வந்து, வண்டிக் கூட்டத்தோடு நடந்து, இங்கே யூட்டாவில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கால் முழுக்கப் புண். வெந்நீரில் கழுவித் துணி கட்டிவிட்டேன்.

"அக்கா, எங்க கல்யாணத்துக்கு நீங்க சந்தோஷமா சம்மதிச்சதா அவர் சொன்னாரு. அதை நம்பித்தான் கடல் தாண்டி வந்தேன்," என்றாள்.

"என்னை யாருமே கேக்கலடி."

அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. நம் குழந்தை இறந்ததை எழுதியபோது, விரிவாகப் பதில் எழுத நேரமில்லை என்றீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பிஷப் வந்தார். "சகோதரி, நம்ம மார்மன் சபையில ஆம்பளைக்கு ரெண்டாவது கல்யாணமும் உண்டு. அவர் ஊர் திரும்பினதும் முதல் மனைவிதான் புதுப் பொண்ணு கையை எடுத்து அவர் கையில வைக்கணும். முறை அதுதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க."

"என் சம்மதத்தை அவரே குடுத்துக்கிட்டாரு இல்ல? கையையும் அவரே எடுத்துக்கட்டும்," என்றேன்.

நான் கை பிடித்துக் கொடுக்காமல் டாம்சின் உங்களைக் கட்டிக்கொள்ள மாட்டாளாம். அந்தக் கை இப்போது என் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைகிறது. அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மனைவி