மெழுகு பூசிய செருப்பு

என் அன்பு நைனா,

நீ போன பிறகு உன் செருப்பை வெட்டினேன். வேறு எதைச் சொல்லி ஆரம்பித்தாலும் அது பொய்யாகிவிடும்.

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா சமைக்கிறாள், சாப்பிடுவதில்லை. நான் ஆம்பூரிலிருந்து வேலூர் ஆய்வுக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். வழியில் தோல் பதனிடும் டேனரி வாடை அடித்தால் உன் சட்டை ஞாபகம் வருகிறது. ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

சர்க்கரையால் உன் பாதம் மரத்துப்போய், குதிகால் வெடிப்பு புண்ணாகத் தொடங்கியபோதுதான் அந்தச் செருப்பைக் கொண்டுவந்தேன். கால் படும் உள்தோலில் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பூச்சு இருந்தது. துத்தநாகத்தைக் கொண்டு கட்டிய, கண்ணுக்குத் தெரியாத படிகங்கள். ஒவ்வொன்றும் சல்லடை மாதிரி துளை துளையாக இருக்கும். வியர்வை பட்டால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லும்.

"கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு இன்னாம்மா இவ்ளோ பில்டப்பு?" என்று சிரித்தாய். அப்புறம் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி, "என் பொண்ணு செஞ்சது" என்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

பிறகு புண் ஆழமானது, காய்ச்சல் வந்தது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். ஏன் நைனா? என் பூச்சு எங்கே போனது?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இடது செருப்பை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். படிகங்களே தெரியவில்லை, எல்லாம் வழவழவென்று கிடந்தது. பக்கத்து மேஜை ஷபானா, அவளும் ஆம்பூர்ப் பெண்தான், எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ஏய், இது மெழுகுடி. யாரு போட்டது?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "உங்க நைனாதான். தெனம் காபி குடிச்சிட்டு உக்காந்து தேய்ப்பாரு. பொண்ணு செஞ்சதாச்சே, வெடிச்சிடக் கூடாதுன்னு. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதாம்மா."

ஆயுசு முழுக்க ஷூ ஃபேக்டரி ஃபினிஷிங் செக்‌ஷனில் மெழுகு தேய்த்து நின்ற கை. தோலைக் கண்டால் சும்மா இருக்காது. மேல்பக்கம் தேய்த்தாய், சரி. உள்பக்கம் எதற்கு நைனா? உள்தோலில் மெழுகு பட்டால் சூப்பர்வைசர் கத்துவான் என்று நீதானே சொல்வாய்? இதற்கு மட்டும் ஏன் அத்தனை செல்லம்? உன்மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

"மெழுக எடுத்துட்டு ஒரு தபா டெஸ்ட் பண்ணலாம்டி" என்றாள் ஷபானா. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பூச்சு செத்திருந்தால் என் வேலை மட்டம் என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். உயிரோடு இருந்துவிட்டால்?

உயிரோடுதான் இருந்தது. மெழுகு இருந்த துண்டின்மேல் கிருமி படர்ந்து கிடந்தது. மெழுகைக் கரைத்து எடுத்த துண்டைச் சுற்றி மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஷபானா கிருமி வளர்த்த தட்டை மூடினாள். ஒரு சொட்டு வியர்வைகூடப் படாமல் அது புத்தம் புதிதாக இருந்திருக்கிறது. உன் புண்ணுக்கும் அதற்கும் நடுவில் ஒரு படலம் மெழுகுதான்.

அது உன்னைக் காப்பாற்றியிருக்குமா? டாக்டரைக் கேட்டேன், யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில்தான் என்னைத் தின்கிறது. ஆய்வுக்கூடத்துப் புரொபசர் மட்டும், "நல்ல ரிசல்ட்டும்மா" என்றார். எழுந்து வெளியே போய்விட்டேன். இனி ஒவ்வொரு ஜோடியோடும் 'மெழுகு போடாதீர்கள்' என்று ஒரு சீட்டு வைக்க வேண்டுமாம், நான்தான் எழுத வேண்டுமாம். அந்த இரண்டு வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்றிருக்கிறது.

வலது செருப்பையும் ஷபானா கேட்டாள். கொடுக்கவில்லை. அது உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காபி குடித்ததும் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். உன் பழைய துணியால், உன்னைப் போலவே, உள்ளேயும் வெளியேயும் மெழுகு தேய்க்கிறாள். "காஞ்சி வெடிச்சிடுச்சின்னா உங்க நைனா பேஜார் ஆய்டுவாருடி" என்கிறாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை அவள் கண் முன்னாலேயே எழுதுகிறேன். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் நைனா. அவள் கையிலிருந்து அந்தத் துணியை நான் வாங்க மாட்டேன். அந்த மெழுகு என்ன செய்தது என்று அவளுக்குச் சொல்லவும் மாட்டேன்.

தெருவெல்லாம் நீ சொல்லிக்கொண்டு திரிந்த
உன் பொண்ணு,
கலா