ரிலீவர் வராமல் இறங்க மாட்டேன்

என் சரசு அக்கா, அத்தானின் ஷிப்டுக்குக் கேரியர் கட்டிய கையோடு என் தலையில் குட்டும் வைத்த மகராசியே,

இப்போது சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிமேல் ஆணை. நீ இருந்திருந்தால், "டேய், புளுகாதடா" என்று கரண்டியைத் தூக்கியிருப்பாய்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று டாக்டர்கள், நர்சுகள், தெரபிஸ்டுகளுக்கு இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. கூட்டம் முத்தாண்டிக்குப்பம் வரை நின்றது. எண்ணிப் பார்த்தவர்கள் இருபத்தைந்து பேர் என்கிறார்கள். அவர்களுக்குக் கண் கோளாறு. அந்த மகா சபையில் உன் தம்பி பேசினான், எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் அரசாண்டவன்.

அவர்கள் கூப்பிட்டது என்னை அல்ல, கயலைத்தான். "மேடையில கொஞ்ச நேரம் உக்கார வைங்க சார், எல்லாரும் பாத்து கத்துக்குவாங்க" என்றார் ஏற்பாட்டாளர். உன் மகளுக்கு இருபத்தாறு வயசு அக்கா. பொருட்காட்சியில் காட்டுகிற ரெண்டு தலை ஆட்டுக்குட்டியா அவள்?

"அவ வரமாட்டா. நான் வரேன். என்னைப் பாத்து கத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

எனக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. நீ கண்ணை மூடிய மறுமாதமே கயலுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அவளுக்குப் பேச்சு குறைவு என்பது உனக்குத் தெரியாததா? கன்னத்தில் அடித்துக்கொண்டுதான் சொன்னாள். கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் ஒருத்தர் வந்தார், அவர் போய் இன்னொருத்தர் வந்தார், பிறகு நாலு பேர் கைகாலைப் பிடித்தார்கள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடித்த கை ஒன்றைக் கடித்துவிட்டாள். நானாக இருந்தால் முழுங்கியே இருப்பேன். கட்டுப்படுத்த முடியாத கேஸ் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்காக அவளுக்குக் கஞ்சிதான்.

ஆகவே மைக்கைப் பிடித்தேன். டர்பைன்களெல்லாம் ஒரு நிமிஷம் நின்று கேட்டன.

"எங்க அத்தான் மைன்ஸ்ல மண்ணு வெட்டுற மெஷின் ஓட்டினாரு. ஷிப்டு முடிஞ்சாலும் ரிலீவர், அதான் அடுத்த ஷிப்டு ஆளு, வராம சீட்ட வுட்டு எறங்க மாட்டாரு. வந்தவர்கிட்ட எது நல்லா ஓடுது, எது மக்கர் பண்ணுதுன்னு சொல்லி, பொறுப்ப ஒப்படைச்சு சார்ஜ் குடுத்துட்டுதான் வூட்டுக்கு வருவாரு. இரும்புக்கே அந்த மரியாதைங்க. எங்க பொண்ண மட்டும் வாயத் தொறக்காம கை மாத்திக்கினே இருக்கீங்களே, அவ இரும்புக்கும் மட்டமா?"

முன்வரிசைப் பெரிய டாக்டர் ஒருத்தர், வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கும்போது ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்டார்.

"எங்க பொண்ணு கடிச்ச கைக்குக் கட்டுப் போட எவ்ளோ நேரம் ஆச்சுங்க?" என்றேன். பயிற்சி நடத்த வந்த அம்மா பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, 'சார்ஜ் கொடுத்தல்' என்று பெரிதாக எழுதினார்.

அது உன் பாடம் அக்கா. கடைக்குப் போவதானாலும் கயல் எதிரில் நின்று, "அம்மா போறேன், மாமா சார்ஜ் எடுத்துக்கிறான்" என்பாய். என் உள்ளங்கையை அவள் உள்ளங்கைமேல் வைப்பாய். அவள் என்னை மேலும் கீழும் அளந்து தலையாட்டிய பிறகுதான் செருப்பை மாட்டுவாய். பல்வலிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு நானே அதை மறந்தேன். அவளை நாற்காலியில் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டோக்கன் வாங்கப் போனேன். மண்டபத்தில் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார், கயலைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க சார். ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார். இரண்டு நாள் சும்மாவே உட்கார்ந்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் நான் சொன்னேன்: "கயலு, மாமா செவுத்தாண்ட நிக்கிறேன். டாக்டர் சார்ஜ் எடுத்துக்கிறாங்க." டாக்டர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். காத்திருந்தார். ஒன்பது மழைக்காலம் போனது. கயல் அவரை மேலும் கீழும் அளந்தாள். தலையாட்டினாள்.

நீ மட்டும் ஏன் அக்கா சார்ஜ் கொடுக்காமல் போனாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைத் தேடினாயாமே. நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போகட்டும். நானாகவே எடுத்துக்கொண்டேன். இனி பண்ருட்டியோ விருத்தாசலமோ, எங்கே இப்படிப் பயிற்சி நடந்தாலும் அழைப்பில்லாமலே போய் மைக்கைப் பிடுங்குவேன். என் சீட்டில் உட்காரத் தெரிந்த நாலு பேராவது தயாராகும்வரை சாகமாட்டேன். எமனே வந்து நின்றாலும், "ரிலீவர் எங்க?" என்றுதான் கேட்பேன். இது சத்தியம்.

மற்றபடி, டர்பைன் நின்றது பொய். கூட்டம் பொய். ஒன்பது மழைக்காலமும் பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்: யாரும் பிடிக்காமல், கயல் தானாகவே வாயைத் திறந்தாள்.

இப்படிக்கு,
சார்ஜில் இருக்கும் உன் தம்பி, கயலின் மாமன்,
குணா