டி.சி. வாங்க மாட்டோம்

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு தெரு தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ உடனே ஹெச்.எம். குரலுக்கு மாறிவிடுகிறாய், நான் பட்டென்று வைத்துவிடுகிறேன். எழுதினால் இரண்டு பேரும் கடைசி வரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

என் பெண் சுண்டெலியின் விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அறிவியல் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னதும் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கை நடுங்கிப் புத்தகம் கீழே விழுந்துவிட்டது. ஓடிப்போய்க் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். டீச்சர் கதவைத் தட்டி, "நடிப்பையெல்லாம் வீட்ல வச்சுக்கோ" என்றாராம். பிறகு மதியம் வரை வராந்தாவில் நிற்க வைத்தாராம். வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், அக்கா.

டாக்டர், இது பதற்ற நோய், கட்டாயம் சரியாகும், ஆனால் பள்ளிக்கூடத்திலும் விஷயம் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். உங்கள் பள்ளியில் நீச்சலுக்கு ஆள் உண்டு, பேண்ட் வாத்தியத்துக்கு ஆள் உண்டு. மனநல ஆலோசகர் ஒருவர் கிடையாது.

நான் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலில் ஸ்டியரிங்கைத் தொட்டதும் உறைந்துபோகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். "நடிக்காதே" என்று அதட்டினால் வண்டி நகராது, அக்கா.

ஆலோசகர் வேண்டும் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். உன் மேஜைக்குத்தான் வரும். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் தங்கை


ஜூலை 7

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதம் படித்த கையோடு அந்த டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். கேட்ட விதத்தில் இனி ஜென்மத்துக்கும் யாரையும் வராந்தாவில் நிறுத்த மாட்டார்.

ஆனால் அதற்குள் மனு எதற்கடி கொடுத்தாய்? தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா உங்க தங்கச்சியாமே?" என்று மட்டும் கேட்டார். மேலே ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசாமல் விடுவதற்குத்தான் அர்த்தம் அதிகம். நாளைக்கு சுண்டெலிக்கு வேலை, கல்யாணம் என்று வரும்போது யாராவது இதைக் கிளறினால்? உன் பெண்ணின் தலையெழுத்தை நீயே ஊர் முழுக்க ஒட்டி வைக்கப் போகிறாயா?

நான் இருக்கிறேனே. மூச்சு முட்டினால் யாரையும் கேட்காமல் என் அறைக்கு வந்துவிடட்டும். பெரியம்மா எதற்கு இருக்கிறேன்? மனுவை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். கொஞ்சம் அக்கா பேச்சையும் கேள்.

அன்புடன்
அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அறையில் உட்கார்ந்துவிட்டு வந்த நாட்களில் சுண்டெலி ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டாள். "பெரியம்மா ஒண்ணுமே கேக்கலம்மா, பிஸ்கட் மட்டும் குடுத்தாங்க" என்றாள். இதற்கு உனக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

ஆனால், உங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு வயரிங் போட்ட எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே, அவர் மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் பரீட்சைக்கு முந்தின நாள் காணாமல் போனாள். பஸ் ஸ்டாண்டில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். அந்த மனுஷன் என்னிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த டெஸ்டரைத் திருகித் திருகி உடைத்தே விட்டார். அந்தப் பெண் எந்தப் பெரியம்மாவின் அறையில் போய் உட்காருவாள்?

உன்னால் என் பெண் பிழைத்துக்கொள்வாள். அது எனக்குப் போதவில்லை, அக்கா. பேராசைக்காரி என்று வைத்துக்கொள். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டால், இது மூடி மறைக்க வேண்டிய விஷயம் என்று என் பெண்ணுக்கு நானே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகும்.

மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேசுவேன்.

உன் தங்கை


ஜூலை 28

அக்கா,

நேற்று தாளாளர் மேடையில், "கவுன்சிலர் வேணும்னா அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்க" என்று சொன்னதும் பாதி மண்டபம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பார்த்தேன். அப்புறம் உன் பக்கம் திரும்பி, "நம்ம ஸ்கூல்ல அப்படிப் பிரச்சினை உள்ள பிள்ளைங்க இருக்காங்களா மேடம்?" என்றார். நீ எழுந்து, "அப்படி யாரும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

சுண்டெலி என் பக்கத்தில் இருந்தாள். முதல் நாள்கூட உன் அறையில் உட்கார்ந்திருந்தவள்.

அதனால்தான் மைக்கைப் பிடுங்கினேன். "இருக்காங்க. என் பொண்ணு இருக்கா. இதோ" என்றேன். உன்னைப் பார்த்துக் கையை நீட்டி, "மேடத்துக்கும் தெரியும்" என்றேன். பின்வரிசையில் எலக்ட்ரீஷியன் எழுந்தார். நாலு பேர் நடுவில் பேசி அறியாதவர். "என் மகளும்தான்" என்றார். பிறகு ஒரு அம்மா. அப்புறம் யார் யாரோ. எண்ணுகிற நிலைமையில் நான் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சுண்டெலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பெரியம்மா ஏம்மா என்னை இல்லைன்னு சொன்னாங்க?" நீயே அவளுக்குச் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு,

பெற்றோர் கூட்டத்தில் தாங்கள் நடந்துகொண்ட விதம் பள்ளியின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிப்பதாக நிர்வாகம் கருதுகிறது. தங்கள் மகளின் நலன் கருதி, அவரது மாற்றுச் சான்றிதழை வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்


ஆகஸ்ட் 3

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

டி.சி. வாங்க மாட்டோம்.

என் மகள் திங்கட்கிழமையும் பள்ளிக்கு வருவாள். அவளை வாசலில் தடுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "மூச்சு முட்டுகிறது" என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கல்வி அதிகாரியிடம் நேற்றே புகார் கொடுத்துவிட்டோம். விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தினமும் பள்ளி விட்டதும் கேட்டுக்கு முன்னால் பெற்றோர் உட்காருவோம். உட்காரப் பாய் எலக்ட்ரீஷியன் கொண்டு வருகிறார்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்

பி.கு.: அக்கா, உனக்கு இப்படி எழுத வராது. யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய். கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.


ஆகஸ்ட் 24

வாயாடித் தங்கைக்கு,

இருபது நாளாகக் கேட்டுக்கு வெளியே உன்னையும் உள்ளே உன் பெண்ணையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். சுண்டெலி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "வணக்கம் மேடம்" என்றாள். பெரியம்மா என்று வாய் தவறிக்கூட வரவில்லை. நீ எழுதின எல்லாவற்றையும்விட அதுதான் சுட்டது.

நேற்று கல்வி அதிகாரி வந்தார். தாளாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். "இருக்காங்க சார்" என்றேன். யாரென்று பெயர் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் அறைக்கு வந்து அழுதவர்கள், பள்ளிக்கே வராமல் நின்றுபோனவர்கள், அவர்களை நாங்கள் என்னென்ன சொல்லித் திட்டினோம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர், இந்தப் பருவத்துக்குள் ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும், உன் பெண்ணின் டி.சி. செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பினதும் தாளாளர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தி ராஜினாமா கேட்டார். "எழுத மாட்டேன் சார். வேணும்னா நீங்க நீக்குங்க, காரணத்தை எழுத்துல குடுங்க" என்றேன். உன்னிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி.

ஆலோசகர் நேர்முகத்தில் பெற்றோர் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நானே சேர்த்திருக்கிறேன். நீ வந்துவிடாதே, உன் வாய்க்குப் பயந்து வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள். எலக்ட்ரீஷியனை அனுப்பு. அத்தனை பேர் முன்னால் நீ என்னைப் பார்த்துக் கை நீட்டினதற்குத் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.

இன்று மூன்றாவது பீரியடில் சுண்டெலிக்கு மறுபடியும் மூச்சு முட்டியிருக்கிறது. அவளே எழுந்து டீச்சரிடம் சொல்லிவிட்டு, வெளியே வந்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏன் என்று கேட்ட கேள்விக்கு அங்கேயே போய்ப் பதில் சொன்னேன்: "பயந்துட்டேன்டி." "கையெல்லாம் நடுங்குச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் இந்த நாற்காலி எனக்கு இருக்குமோ, இருக்காதோ. இருக்கிற வரைக்கும் அதில் நான்தான் உட்காருவேன்.

அக்கா