கடல் விரிப்பில் ஒரு சட்டைப்பை

1998 மே 3
விரிப்பு முடிந்தது. ஆறடிக்கு ஐந்தடி. கட்டிக் கிழிந்த பழைய சாரம், கோதுமை மா மூட்டைத் துணி, மன்னாரிலிருந்து ஓடி வரும்போது உடுத்திருந்த சேலை – எல்லாம் வெட்டி, ஒட்டி, கடலாக்கிவிட்டேன். படுக்க அல்ல, சுவரில் மாட்டிப் பார்க்க. கொழும்புக் கண்காட்சிக்கு.

மூலையில் ஒரு சிவப்பு தேவைப்பட்டது. கணவர் இன்னாசியின் பெருநாள் சட்டையிலிருந்து பையைப் பிரித்து, வாய் திறந்தபடியே தைத்தேன்.

"அப்ப நான் ஐசியை எங்க வைக்கிற? உன்ர தலையிலயோ?" என்று கத்தினார். அடையாள அட்டையை அந்தப் பையில்தான் வைப்பார். மனுசன் கத்தட்டும். அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அது வெறும் கந்தல்.

மே 6
தட்டியில் தொங்கும் விரிப்பின் பைக்குள் பீடிக்கட்டு! கேட்டால், "என்ர பொக்கற்தானே" என்கிறார். ஏசினேன். பிறகு சிரிப்பும் வந்துவிட்டது.

மே 9
கண்காட்சி நடத்தும் இரஞ்சிதம் மிஸ்ஸின் வான் வந்தது. பீடியை எடுத்துவிட்டு, சுருட்டிக் கொடுத்தேன்.

மே 12
இன்னாசியைப் பிடித்துவிட்டார்கள். மீன்பிடிக்கக் களப்புக்குப் போகும் வழியில் சோதனை. கையில் அடையாள அட்டை இல்லை. மன்னார் ஆள் வேறு, புலி என்று சந்தேகிக்கக் கேட்கவா வேண்டும்!

பொலிஸ் நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வாசலில் வைத்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஐசி கொண்டு வாங்க. இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பிருவாங்க. பிறகு எங்கட கையில இல்ல."

அப்படி அனுப்பப்பட்ட பக்கத்து வீட்டுத் தில்லையம்பலத்தைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

பெட்டி, அரிசிப் பானை, பாய்க்கு அடி – அட்டை எங்குமே இல்லை.

மே 13
காலையில் தட்டியைப் பார்த்தேன். விரிப்பு தொங்கிய ஆணி மட்டும். பீடியோடு ஐசியையும் அந்தப் பைக்குள்தான் வைத்திருப்பார்!

புனித அன்னம்மாளே! பீடியை எடுத்தேனே, அடியில் விரலை விட்டுப் பார்த்தேனா? நான்தான் பையைப் பிரித்தேன். நான்தான் சுருட்டினேன். என்ர கையாலயே அவரைக் குடுத்திட்டனே.

கடையிலிருந்து மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கிறது, ஆளில்லை. முகாமிலிருக்கும் ரம்ஸியா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "அழுதுட்டிருந்தா ஐசி நடந்து வருமா? நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு நானும் வாறன்."

மே 14
கொழும்புக்குப் போகும் வழியில் நான்கு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். கண்காட்சிக் கூடத்தில் என் விரிப்பைச் சுற்றித்தான் கூட்டம். அட்டை பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது; மாட்டும்போது யாரோ இழுத்துவிட்டிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு விளக்கு. இன்னாசியின் முகம்.

"எல்லாரும் இதுக்கு முன்னாலதான் நிக்கினம், எமிலியா. ஐசியை வைச்சீங்களே, என்ன யோசனை!" என்றார் மிஸ்.

யோசனையாம்.

எழுதத்தான் வேண்டும்: ஒரு கணம் நானும் நின்று பார்த்தேன். அட்டையோடு விரிப்பு நன்றாகத்தான் இருந்தது. என்ர புத்தியைச் செருப்பால அடிக்கோணும்.

அட்டையை இழுத்து எடுத்தேன். "ஐயோ, ஞாயிறு வரைக்கும் விடுங்கோ. நாளைக்குப் பத்திரிகைக்காரர் வருகினம்" என்று பதறினார் மிஸ்.

"அது என்ர மனுசன், மிஸ்." கத்தியே சொன்னேன்.

மே 15
அட்டையைக் காட்டியதும் இன்னாசியை விட்டுவிட்டார்கள். இடது கண் திறக்கவில்லை. சோறு குழைத்து வாயில் தீத்திவிட்டேன்.

யூன் 2
விரிப்பு திரும்பி வந்தது, மிஸ்ஸின் கடிதத்தோடு. அடுத்த கண்காட்சி வெளிநாட்டிலாம். அட்டை இல்லாமல் பை வெறுமையாகத் தெரிகிறதாம். அட்டையின் பிரதி ஒன்றையாவது வைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இன்னாசிக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், வலை பொத்தும் ஊசியோடு குந்தியிருந்து, பையின் வாயைத் தங்கூசி நூலால் முடிந்துகொண்டிருக்கிறார். வலைக்குப் போடும் அதே முடிச்சு. துணி சுருங்கி, மூலையே கோணலாகிவிட்டது.

பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

விரிப்பின் பின்பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் தைத்திருக்கிறேன். நாளைக்கு அப்படியே அனுப்புகிறேன்.