டப்பாவுக்குப் புது நீலம்

6.3.78 திங்கள்

காலையிலேயே புழுக்கம். பொன்னேரியில் ரயில் நின்றுவிட்டது. தகர டப்பா அச்சடிக்கும் ஆலைக்குத் தாமதம். யாரும் கேட்கவில்லை.

விளையாட்டுப் பானத்தின் (இனி வி.பா.) புது டப்பாவுக்கான படம் பம்பாயிலிருந்து வந்துவிட்டது. பச்சை போய் நீலம். கோப்பையுடன் ஓடும் மீசைக்காரர் போய் மூன்றே வெள்ளைக் கோடு. முகம் இல்லை, கை இல்லை. ஆனால் ஓடுகிறது! வெகுநேரம் பார்த்தேன். எப்படிச் செய்தார்கள்?

தகடு அடுக்கும் எஸ்தர் எட்டிப் பார்த்தாள். “மீசைக்காரரு எங்க சார்?”

“எடுத்துவிட்டார்கள்.”

“ஓடி ஓடி எளச்சிட்டாரு போல. கோடா ஆயிட்டாரு.”

நாளை அச்சு. நீலத்துக்கு மாதிரி அட்டை வந்திருக்கிறது. அதோடு ஒத்துப்பார்த்து நான் கையெழுத்திட்டால்தான் மிஷின் ஓடும். கண்புரை எடுத்த பிறகு நான் ஒத்துப்பார்க்கும் முதல் நிறம். இடக்கண் புதியது. வலக்கண் இன்னும் புரையோடு. இரண்டும் சேர்ந்து பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. அதனால் வலப்பக்கக் கண்ணாடிக்கு மேல் காகிதம். அந்தக் கண்ணையும் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். பயம்.

வாங்க: சொட்டு மருந்து, பிளேடு, காபித்தூள்.

7.3.78 செவ்வாய்

நல்ல வெயில். முதல் தகடு வந்தது. ஜன்னலோரம் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடக்கண்: தகட்டில் செம்மை, கத்தரிப்பூ மாதிரி. காகிதத்தைத் தூக்கி வலக்கண்: இரண்டும் ஒன்றே. மறுபடி. அதேதான்.

எந்தக் கண்ணை நம்புவது? புதுக் கண் நீலத்தைக் கூட்டிக் காட்டும் என்று டாக்டரே சொன்னார். தவறாக நிறுத்தினால், கிழவனுக்குக் கண் போச்சு என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். தவறாக விட்டால் கடைதோறும் கத்தரிப்பூ டப்பா.

மிஷின் ஓட்டும் மஸ்தான்: “இன்னா சார், ஒரு கண்ண மூடிக்கினு, தொறந்துகினு? சைன் போடு சார், மிஷினு காத்துக்கினு கீது.”

“டீ குடித்துவிட்டு வாருங்கள்” என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

வெளியே போய் நின்றேன். வானம். அப்பா! இந்த நிறமா தலைக்கு மேல் இருந்தது?

அப்போதுதான் தோன்றியது. கண் கூட்டிக் காட்டினால் அட்டைக்கும் கூட்டித்தானே காட்டும்? வித்தியாசம் எங்கிருந்து வரும்? திருப்பித் திருப்பி யோசித்தேன். கணக்கு சரி.

உள்ளே போய், “சரியில்லை. கையெழுத்துப் போடமாட்டேன்.” குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மிஷின் கூடமே திரும்பிப் பார்த்தது.

மஸ்தான் முறைத்தார். வெள்ளைத் துணியால் ரோலரின் ஓரத்தை அழுத்தித் துடைத்தார். துணியில் சிவப்பு. ராத்திரி பிஸ்கட் டப்பாவுக்கு அடித்த மை.

“அடப்பாவிங்களா, நைட்டு ஷிப்ட்டுல ஒயுங்கா கழுவல. பேஜாரு சார்.” பிறகு தணிந்து, “எப்டி சார் கண்டுகின?”

இடக்கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

8.3.78 புதன்

மேகம் இல்லை. ரோலர் கழுவி, புது மை. தகடும் அட்டையும் ஒன்று. இடக்கண்ணாலேயே பார்த்தேன், காகிதத்தைத் தூக்கவில்லை. கையெழுத்திட்டேன். தகடு தகடாக விழுந்தது. நீலத்தில் வெள்ளை ஓடுகிறது, ஓடுகிறது. மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

எஸ்தர் வி.பா. பழைய டப்பா ஒன்றைத் தந்தாள். “பேனா போட்டுக்க சார். மீசைக்காரரு உன்கூட இருக்கட்டும்.”

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நாற்றங்கால் பச்சை. பாசி நிறம் என்றல்லவா இருந்தேன்! மீசைக்காரரின் காலணி கறுப்பில்லை. நீலம்.

டாக்டருக்குக் கார்டு எழுதினேன். வலக்கண்ணுக்குத் தேதி கேட்டு.